முப்பதாயிரம் ரூபாயில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி

நமது நாட்டில் தொலைக்காட்சி பிறந்த இடம் டெல்லி. 1959 செப்டம்பர் 15 அன்று, நாடாளுமன்ற வீதியிலுள்ள அகில இந்திய வானொலிக் கட்டடத்திலிருந்து சோதனை முறையில் ஒளிபரப்புத் தொடங்கிற்று. குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அதனைத் தொடங்கிவைத்தார். அன்றாட ஒளிபரப்பு 1965இல்தான் வந்தது. வண்ணம் வருவதற்கு 1982ஆம் ஆண்டின் சுதந்திர நாளும் அதனைத் தொடர்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் தேவைப்பட்டன. அந்நாட்களில் கரோல் பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பெட்டி வாங்குவதற்குப் பெரிதாக ஆராய வேண்டியிருக்கவில்லை. சென்னையில் உருவான சாலிடேர், டயனோரா போன்ற பெயர்களும் வடநாட்டுத் தயாரிப்புகள் சிலவும் இருந்தன. மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் படம் தெரியும், அவ்வளவே.

இன்று நிலை தலைகீழ். ஒரே அளவுள்ள இரு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன; ஒன்றின் விலை மற்றொன்றின் விலையைப் போல இருமடங்கு. ஏன் என்று கேட்டால் விற்பனையாளர் பத்துச் சுருக்கப் பெயர்களை அடுக்குகிறார். வாங்க வந்தவரோ மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ பெறுபவர். அவர் ஒதுக்கியிருப்பது இருபத்தையாயிரமோ முப்பதாயிரமோ; ஏழெட்டு ஆண்டுகளுக்கு இன்னொரு பெட்டி வாங்கும் எண்ணம் அவருக்கில்லை. தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்கு இது வெறும் பொழுதுபோக்குச் சாதனமும் அன்று. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசிவிட்டு வரும் பிள்ளையின் காதில் பாட்டியின் பேச்சுக்கு அப்பால் விழும் தமிழ் பெரும்பாலும் அந்தப் பெட்டியிலிருந்தே வருகிறது. அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றை மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அறையை அளந்த பின்னரே கடை

கடைக்குப் புறப்படுமுன் அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் அளவு மூலைக்கு மூலை குறுக்காக அளக்கப்படுவது. 32 அங்குலம் என்பது ஏறத்தாழ 81 சென்டிமீட்டர். 43 அங்குலம் என்பது 109. 55 அங்குலம் என்பது 140. பெட்டியின் அட்டையில் சென்டிமீட்டரே முதன்மையாக அச்சிடப்பட்டிருக்கும். 43 அங்குலப் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 96 சென்டிமீட்டர். பழைய மர அலமாரியில் தொலைக்காட்சிக்கென்று விடப்பட்ட மாடம் அந்தக் கால ஆழமான பெட்டிக்காகச் செய்யப்பட்டது. அதன் அகலம் பலவேளைகளில் இதற்குப் போதாது. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு இதனைக் கண்டறிவது அலமாரியை அறுப்பதில் கொண்டுபோய் விடும்.

அங்குலக் கணக்கில் ஒரு மயக்கம் உண்டு. 32க்கும் 43க்கும் இடையே வேறுபாடு பதினோரு அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பளவில் கணக்கிட்டால் 43 அங்குலத் திரை 32 அங்குலத் திரையைவிட எண்பது சதவீதம் பெரியது. ஆனால் 43இலிருந்து 50க்குச் செல்லும்போது கூடுவது முப்பத்தைந்து சதவீதமே. ஆகவே, சிறிய வரவுசெலவுத் திட்டமுள்ளவர் கூடுதல் பணத்தைச் செலவிட விரும்பினால் முதற்படியான 32இலிருந்து 43க்குச் செல்வதே பயன் மிகுந்தது என்பது எம் கருத்து.

எவ்வளவு தொலைவில் அமர்ந்து பார்க்கிறோம் என்பது அடுத்த கேள்வி. குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரையுள்ள தொலைவு கண்ணுக்கு இதமானது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. 43 அங்குலத்திற்கு இது ஐந்தரை அடியிலிருந்து ஒன்பது அடி வரை வரும். டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய சிறிய அடுக்ககங்களில் கூடத்தின் நீளம் பத்துப் பன்னிரண்டு அடியைத் தாண்டுவது அரிது. அதில் சோபாவும் நடைவழியும் போக எஞ்சுவது ஏழெட்டு அடி. 43 அங்குலம் அங்கே சரியாகப் பொருந்தும். 55 அங்குலமும் வைக்கலாம், தவறில்லை. ஆனால் அதே முப்பதாயிரத்தில் 55 அங்குலம் வாங்குபவர் அளவை வாங்கித் தரத்தை விட்டுக்கொடுக்கிறார்.

வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். மே, ஜூன் மாதங்களில் டெல்லியின் வெப்பம் 45 பாகையைத் தொடுகிறது. பெரும்பாலான பெட்டிகளின் கையேடுகள் 40 பாகை வரையிலான சூழலுக்கே உறுதி கூறுகின்றன. மேற்கு வெயில் காயும் சுவரில் பெட்டியை ஒட்டி மாட்டாதீர்கள். ஏர்கூலரின் ஈரக்காற்று நேராகப் படும் இடத்திலும் வைக்க வேண்டாம். ஈரமும் தூசியும் சேர்ந்து உள்ளே படிந்தால் மின்சுற்றுப் பலகை கெடும்.

4கே தேவைதானா?

விற்பனையாளர் முதலில் சொல்லும் சொல் இதுதான். திரை என்பது நுண்ணிய புள்ளிகளின் தொகுப்பு. எச்டி ரெடி எனப்படுவதில் கிடைமட்டமாக 1366 புள்ளிகளும் செங்குத்தாக 768 புள்ளிகளும் இருக்கும். ஃபுல் எச்டியில் 1920, 1080. 4கேயில் 3840, 2160. புள்ளிகள் கூடக்கூடப் படம் கூர்மையாகும் என்பது உண்மை. ஆனால் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. இயல்பான பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். இதனைக் கொண்டு கணக்கிட்டால், 43 அங்குல ஃபுல் எச்டித் திரையின் புள்ளிகள் ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியே தெரியமாட்டா. 32 அங்குல எச்டி ரெடித் திரைக்கு இந்த எல்லை ஏறத்தாழ ஆறடி. எட்டடி தொலைவில் அமரும் குடும்பத்திற்கு 43 அங்குலத்தில் 4கே தரும் கூடுதல் கூர்மை கண்ணுக்குப் புலப்படாது என்றே சொல்ல வேண்டும்.

அப்படியாயின் 4கே வேண்டாமா? கடையில் இன்று 43 அங்குலத்திற்கு மேல் பெரும்பாலானவை 4கேயே. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. விலை வேறுபாடு சிறியதானால் வாங்கலாம், பெரியதானால் அந்தப் பணத்தை வேறிடத்தில் செலவிடலாம். மறந்துவிடக் கூடாத செய்தி மற்றொன்று உண்டு. டிடி ஃப்ரீ டிஷ் வழியாகவோ சாதாரணக் கட்டணத் தொகுப்பிலோ வரும் தமிழ் அலைவரிசைகளில் பல எச்டி அல்லாத தரத்தில் வருபவை. அவற்றைப் பெரிய 4கே திரையில் விரித்தால் படம் மங்கலாகவே தெரியும். கடையில் ஓடும் மலைகளும் மலர்களும் நிறைந்த விளம்பரக் காட்சியைப் பார்த்து முடிவெடுக்காமல், வீட்டில் பார்க்கும் அலைவரிசையையே போட்டுக்காட்டச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், விற்பவருக்கு அது பழகிய கோரிக்கைதான்.

எழுத்துகளைவிட முக்கியமானது எது?

திரையின் உள்ளமைப்பே. எல்இடி தொலைக்காட்சி என்று நாம் அழைப்பது உண்மையில் பின்னாலிருந்து எல்இடி விளக்குகளால் ஒளியூட்டப்பட்ட எல்சிடி திரை. கியூஎல்இடி என்பதும் அதே குடும்பம்தான். நிறங்களைத் தெளிவாக்க நுண்துகள் படலம் ஒன்று கூடுதலாக இருக்கும். பெயரில் ஓரெழுத்து மாறிய ஓஎல்இடியோ முற்றிலும் வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். நமது விலை எல்லைக்குள் அது வராது என்பதால் விட்டுவிடுவோம்.

எல்சிடியில் இரு வகைகள் பரவலாக உள்ளன. விஏ வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஒளிக்கும் இருளுக்கும் உள்ள விகிதம் மூவாயிரத்திற்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கு மேலோ அமையும். ஐபிஎஸ் வகையில் அது ஆயிரத்திற்கு ஒன்று என்ற அளவில்தான். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. விளக்கணைத்து, நேரெதிரே அமர்ந்து படம் பார்ப்பவருக்கு விஏ நன்று. நம் வீடுகளில் அப்படியா நடக்கிறது? ஒருவர் தரையில், ஒருவர் கட்டிலின் ஓரத்தில், ஒருவர் சமையலறை வாயிலில் காய்கறி நறுக்கியபடி. இத்தகைய வீட்டிற்கு ஐபிஎஸ் பொருந்தும். விவரக்குறிப்பில் இது எழுதப்படாமலிருந்தால் எளிய சோதனை உண்டு: திரைக்குப் பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து நின்று மனித முகங்களின் நிறத்தைக் கவனியுங்கள். சாம்பல் பூசியதுபோல் வெளுத்தால் அது விஏ.

எச்டிஆர் என்ற முத்திரை மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் பெயரளவே. அந்தச் சமிக்ஞையை ஏற்கும். அதனைக் காட்டுவதற்கு வேண்டிய ஒளிவலிமை திரையில் இருக்காது. அதற்கெனக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். '120', '200' என்று பெரிய எண்களுடன் எழுதப்படும் அசைவு வேகமும் அவ்வாறே; உண்மையான புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்ஸா என்று கேளுங்கள். இந்த விலையில் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், நாள்தோறும் பார்ப்பதற்கு அது போதும்.

ஒலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது வியப்பு. மெல்லிய பெட்டிக்குள் வைக்கப்படும் ஒலிபெருக்கிகள் சிறியவை. கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிப்பவை. செவித்திறன் குறைந்த பெரியவர் வீட்டில் இருந்தால் வசனம் புரியவில்லை என்ற குறை முதல் வாரமே எழும். எச்டிஎம்ஐ துளைகளுள் ஒன்றில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் தனி ஒலிபெருக்கி ஒன்றை எளிதாக இணைக்க அது உதவும்.

'ஸ்மார்ட்' பெட்டியின் மென்பொருள் திரையைவிட விரைவில் முதுமையடைகிறது. நான்கைந்து ஆண்டுகளில் சில செயலிகள் இயங்க மறுக்கும். நினைவகம் ஒரு ஜிபி மட்டுமே உள்ளதைத் தவிர்த்து, இயலுமாயின் இரண்டு ஜிபி உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மென்பொருள் தளர்ந்துபோனாலும் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறு கருவியால் அதற்குப் புத்துயிர் ஊட்டலாம். எனவே, திரை நன்றாகவும் மென்பொருள் சுமாராகவும் உள்ள பெட்டியா, இதன் மறுதலையா என்று தடுமாறினால் திரையைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய புகழ்பெற்ற வெளிநாட்டுப் பெயர்கள் சில இன்று உரிமம் பெற்ற இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகளில் ஒட்டப்படுகின்றன. கோடக், தாம்சன், பிளௌபுங்ட் ஆகிய பெயர்களில் இங்கு விற்கப்படும் பெட்டிகளை நொய்டாவைச் சேர்ந்த ஒரே நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்து வந்திருக்கிறது. இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. பல பெரிய நிறுவனங்களும் தம் பெட்டிகளை ஒப்பந்தத் தொழிற்சாலைகளில்தான் செய்விக்கின்றன. பெயரின் பழம்பெருமைக்காகப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே இதன் பொருள். உங்கள் பகுதியில் பழுதுநீக்கும் மையம் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வரியும் மின்கட்டணமும்

2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரையுள்ள பெட்டிகளுக்கு 18 சதவீதமும், அதைவிடப் பெரியவற்றுக்கு 28 சதவீதமும் சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டுவந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்டிகளுக்கும் 18 சதவீதமே. முன்பு வரியுடன் 32,000 ரூபாய்க்கு விற்ற 43 அங்குலப் பெட்டியின் அடிப்படை விலை 25,000. புதிய வரியுடன் அது 29,500 ஆகிறது. 32 அங்குலத்தோடு நின்றுவிட முன்னர் இருந்த காரணங்களுள் ஒன்று இவ்வாறு நீங்கிற்று. ரசீதில் வரி வீதம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் குறைந்த விலைக்குத் தருவதாகச் சில கடைகளில் சொல்வதுண்டு. ரசீது இல்லாத பெட்டிக்கு உத்தரவாதத்தைக் கேட்டுப் பெற முடியாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, நட்சத்திரச் சின்னத்தில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாதீர்கள். அவை அந்தந்த அளவுக்குள் ஒப்பிட்டுத் தரப்படுபவை. நான்கு நட்சத்திரமுள்ள பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரமுள்ள சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் இழுக்கலாம். சின்னத்தில் அச்சிடப்பட்டுள்ள ஆண்டு யூனிட் கணக்கே ஒப்பிடத்தக்கது. 80 வாட் பெட்டி நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் ஓடினால் மாதம் 14 யூனிட்டுக்குச் சற்று மேல்; 130 வாட் பெட்டியானால் 23 யூனிட்டைத் தாண்டும். ஒன்பது யூனிட் என்ன பெரிது என்று தோன்றும். 2019 ஆகஸ்டில் டெல்லி அரசு கொண்டுவந்த திட்டத்தின்படி 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 201 முதல் 400 வரை பாதிக் கட்டணம், அதிலும் மானிய உச்சவரம்பு 800 ரூபாய். 400ஐத் தாண்டினால் மானியம் முழுவதும் போகும். கோடையில் 395 யூனிட்டில் தத்தளிக்கும் வீட்டிற்கு அந்த ஒன்பது யூனிட்டின் விலை பல நூறு ரூபாய். உங்கள் பழைய மின்கட்டண ரசீதுகளைப் புரட்டிப் பாருங்கள். எல்லைக்கோட்டிலிருந்து வெகுதொலைவில் இருந்தால் கவலை வேண்டாம்.

'வட்டியில்லாத் தவணை'யின் கணக்கு

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது. இதனை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. வட்டிக்கு நிகரான தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கொடுக்க, அது கடன் கொடுப்பவருக்கு வட்டியாகச் செல்கிறது என்பதே இன்று நடப்பில் உள்ள முறை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

பெட்டியின் விலை 30,000 ரூபாய். கடனட்டையில் ஒன்பது மாதத் தவணை, ஆண்டு வட்டி 15 சதவீதம் எனக் கொள்வோம். மாதம் 3,333 ரூபாய். இந்தத் தவணைக்கு ஈடான அசல் 28,208 ரூபாய்தான். எஞ்சிய 1,792 ரூபாய் வட்டி. விற்பவர் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்துவிடுவதால் உங்களுக்குச் சுமை இல்லை என்பது வாதம். ஆனால் கடனட்டை வட்டிக்கு 18 சதவீத வரி உண்டு. அது 323 ரூபாய். நடைமுறைக் கட்டணம் 199 எனில் வரியுடன் 235. ஆக 558 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது. இது பெரிய தொகையன்று. ஒரேயடியாகப் பணம் செலுத்துபவருக்கு அதே கடையில் இரண்டாயிரம் ரூபாய் கழிவு கிடைக்குமானால் அதையும் இதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் உண்மையான செலவு தெரியும். ஆகவே கடைக்காரரிடம் முதற்கேள்வி, 'முழுத்தொகையும் இப்போதே கொடுத்தால் விலை என்ன?' என்பதாக இருக்கட்டும். தவணை பற்றிய பேச்சு அதற்குப் பின்னர்.

கடையிலேயே மேசை போட்டு அமர்ந்திருக்கும் நிதி நிறுவனத்தின் கடனைப் பெறுவோர், 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட முக்கியத் தகவல் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கேட்காமலே சேர்க்கப்பட்ட காப்பீடு ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தவணை தவறினாலும் உங்கள் கடன் வரலாற்றில் அது பதிவாகும். நாளை வீட்டுக்கடன் கேட்டு வரும்போது அந்தப் பதிவு எங்கள் மேசைக்கும் வரும்.

பழைய பெட்டி இன்னும் ஓடுகிறதா? அப்படியானால் மாதம் 2,000 ரூபாய் தொடர் வைப்பில் போடுங்கள். ஆண்டு வட்டி 6.5 சதவீதம் எனில், பன்னிரண்டு மாதத்தில் 24,000 ரூபாயுடன் ஏறத்தாழ 850 ரூபாய் வட்டி சேரும். தவணையில் வாங்கினால் நீங்கள் கொடுப்பது, இங்கே உங்களுக்கு வருகிறது.

வாங்கிய பின்

இணையத்தில் வாங்கினால், கொண்டுவருபவர் முன்னிலையில் அட்டைப்பெட்டியைத் திறக்கச் சொல்லி அதனைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். உடைந்த திரைக்கு உத்தரவாதம் பொருந்தாது. வழியில் உடைந்ததா வீட்டில் உடைந்ததா என்ற வழக்கு எழுந்தால் அந்தப் படமே சான்று. நிறுவனத்தின் தொழில்நுட்பர் வந்து பொருத்தும்வரை மின்னிணைப்புக் கொடுக்காதிருப்பது உத்தமம். சுவரில் மாட்டும் தாங்கிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், முன்கூட்டியே கேட்டறியுங்கள். செங்கோட்டைக்கு எதிரே உள்ள பழைய லாஜ்பத் ராய் சந்தையில் தாங்கிகளும் கம்பிகளும் மலிவு. ஆனால் பெட்டியின் முதுகிலுள்ள திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு போங்கள்.

பொருத்திய அன்றே ஒரு வேலை செய்யுங்கள். திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு என மாற்றிப் பார்த்துச் செத்த புள்ளிகளோ ஓரங்களில் ஒளிக்கசிவோ உண்டா எனக் கவனியுங்கள். மாற்றித்தரும் காலக்கெடு பல விற்பனையாளர்களிடம் சில நாட்கள் மட்டுமே. படத்தின் அமைப்பு 'விவிட்' என்பதில் இருந்தால் 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். கண்ணுக்கும் நன்று, மின்சாரமும் மிஞ்சும்.

குறை தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதற்கும் பலனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் பெங்களூருவிலோ மும்பையிலோ இருந்தாலும், நீங்கள் வாழும் மாவட்டத்திலேயே முறையீடு செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை.

பழைய பெட்டி மூலையில் கிடக்கும். அது கண்ணாடிக் குழாய்ப் பெட்டியானால் அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. தெருவில் வரும் கபாடிக்காரரிடம் ஐம்பதுக்கும் நூறுக்கும் போடும் பெட்டிகள் பல, சீலம்பூர் போன்ற இடங்களில் வெறுங்கையால் உடைக்கப்பட்டு, கம்பிகள் எரிக்கப்பட்டுச் செம்பாகின்றன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய சாதனங்கள் முறையாக மறுசுழற்சி ஆவதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. புதிய பெட்டி வாங்கும்போதே மாற்றுத் திட்டத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் அந்நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்து, பழையதை எடுத்துச் செல்லக் கேளுங்கள்.